மாட்டுக்கு நீர்க்கட்டி: காத்திருப்பதா, ஊசி போடுவதா, விற்பதா?

ஜூன் மாதத் தாளில் அம்மா பேனாவால் வட்டம் போட்டு வைத்திருந்த தேதிகள் 3, 9, 14, 22, 27. ஒவ்வொரு வட்டமும் எங்கள் ஹெச்.எஃப். கலப்பின மாடு கத்திய நாள். மாசிக் கடைசியில் இரண்டாம் ஈத்து ஈன்ற மாடு. கறவை குறையவில்லை, தீனியும் எடுக்கிறது. ஆனால் 21 நாளுக்கு ஒருமுறை வரவேண்டிய பருவம் ஐந்து, ஆறு, எட்டு நாளில் வந்துகொண்டிருந்தது. "இது சினைக்குக் கத்துற கத்து இல்லப்பா, காளை மாதிரியில்ல உறுமுது" என்று அம்மா சொன்னார். நான் கேட்கவில்லை. மே மாதம் ஒரு சினை ஊசி (செயற்கைக் கருவூட்டல்), ஜூனில் இரண்டு. மூன்றும் வீண்.

ஜூலை 5 அன்று டாக்டரம்மா ஸ்கேன் கருவியோடு வந்தார். தோள்வரை ஏறும் பிளாஸ்டிக் உறையை மாட்டிக்கொண்டு, சாணியை அள்ளி வெளியே போட்டுவிட்டு, விரலிடுக்கில் பிடித்த ஸ்கேன் முனையை ஆசனவாய் வழியாக உள்ளே கொண்டுபோனார். திரையில் சாம்பல் நிறமாகக் கலங்கித் தெரிந்ததற்கு நடுவே வரைந்து வைத்ததுபோல ஒரு கறுப்பு வட்டம். "வலது சினைப்பையில நீர்க்கட்டி. 32 மில்லிமீட்டர் இருக்கு. சுவரு மெல்லிசு, பாருங்க" என்றார். பெருநெல்லிக்காயைவிடக் கொஞ்சம் பெரிது. வாலடி எலும்பு மேடு தட்டி, அதன் இரண்டு பக்கமும் குழி விழுந்திருப்பதை அவர் காட்டிய பிறகுதான் நானே கவனித்தேன். தினமும் சாணி அள்ளுகிறவன் கண்ணில் படாதது அது.

செக்கானூரணிக்கும் உசிலம்பட்டிக்கும் நடுவில் இருக்கிற எங்கள் ஊரில், மாட்டுக்கு ஒன்று என்றால் யோசனைக்குப் பஞ்சம் இருக்காது. கையை விட்டு அமுக்கி உடைத்துவிடச் சொன்னார் ஒருவர். முள்ளங்கியும் சோற்றுக்கற்றாழையும் கொடுக்கச் சொன்னார் இன்னொருவர். மருந்துக்கடையில் "சினைக்கு வர்ற ஊசி" கிடைக்கும், வாங்கி நீயே போடு என்றான் ஒரு கூட்டாளி. சித்தப்பா ஒரே வார்த்தையில் "வித்துரு" என்றார். இந்த வழிகள் ஒவ்வொன்றுக்கும் பொருத்தமான மாடு எது, பொருத்தமில்லாத மாடு எது என்று ஒப்பிட்டு எழுதலாம் என்று தோன்றியது. நான் கால்நடை மருத்துவர் இல்லை. நான்கு மாடு வைத்திருப்பவன், கேள்வி கேட்டுத் தொல்லை பண்ணுகிறவன், அவ்வளவுதான். அளவுகளை எழுதியிருப்பது டாக்டர் போடும்போது என்ன போடுகிறார் என்று உங்களுக்குப் புரிவதற்காக. நீங்களே போட்டுக்கொள்வதற்காக அல்ல.

கண்மாய் நிரம்பியும் மடை திறக்காதது

சினைப்பையில் முட்டை ஒரு நீர்க்கொப்புளத்துக்குள் வளர்கிறது. அது ஒன்றரை முதல் இரண்டு சென்டிமீட்டர் ஆகும்போது, அதிலிருந்து ஊறும் ஈஸ்ட்ரோஜன் மாட்டைப் பருவத்துக்குக் கொண்டுவருகிறது. கத்துவது, வழும்பு அடிப்பது (பிறப்புறுப்பிலிருந்து சளிபோல வழிவது), மற்ற மாட்டின் மேல் ஏறுவது எல்லாம் அதன் வேலை. அதே ஈஸ்ட்ரோஜன் மூளைக்கும் சேதி அனுப்புகிறது. மூளையின் அடிப்பகுதி ஜி.என்.ஆர்.ஹெச். என்ற ஹார்மோனை விடும். அதைப் பார்த்து பிட்யூட்டரி சுரப்பி எல்.ஹெச். என்ற இன்னொன்றை வெள்ளம்போல ஒரே மூச்சில் விடும். அந்த வெள்ளத்தில்தான் கொப்புளம் வெடித்து முட்டை வெளியேறும். வெடித்த இடத்தில் மஞ்சள் திரள் உருவாகி, புரோஜெஸ்டிரானைச் சுரந்து கருவைக் காக்கும். கரு தங்கவில்லை என்றால் பதினாறு, பதினேழு நாளில் கர்ப்பப்பையே புரோஸ்டாகிளாண்டினை விட்டு அந்தத் திரளைக் கரைக்கும். அடுத்த பருவம் தொடங்கும்.

நீர்க்கட்டி வந்த மாட்டில் நடுவில் வரும் அந்த எல்.ஹெச். வெள்ளம் வருவதில்லை. கண்மாய் நிரம்பிவிட்டது, மடை திறக்கவில்லை. கொப்புளம் உடையாமல் இரண்டரை சென்டிமீட்டரைத் தாண்டி வளர்ந்து, பத்து நாளுக்கு மேல் அப்படியே நிற்கிறது, மஞ்சள் திரளும் இல்லை என்றால் அதைத்தான் நீர்க்கட்டி என்று காலம்காலமாகச் சொல்லிவந்தார்கள். இப்போது 2 சென்டிமீட்டரிலேயே கணக்கில் எடுப்பவர்களும் உண்டு. வேடிக்கை என்னவென்றால், எங்கள் பக்கத்தில் கண்மாய் மடையைத் திறந்து வயலுக்குத் தண்ணீர் கட்டுகிறவருக்கும் நீர்க்கட்டி என்றுதான் பெயர். மாட்டுக்கு அந்த ஆள்தான் வேலைக்கு வரவில்லை.

ஏன் வரவில்லை? ஒரே காரணம் சொல்ல முடியாது. ஈன்ற புதிதில் பால் ஏறும் வேகத்துக்குத் தீனி ஈடுகொடுக்காமல் மாடு உடம்பைக் கரைத்துப் பால் கொடுக்கும் காலத்தில் இது அதிகம். நஞ்சுக்கொடி விழாமல் கர்ப்பப்பையில் சீழ் பிடித்த மாடு, காலிலோ மடியிலோ வலியோடு நிற்கும் மாடு, பரம்பரையாகவே இந்த இழுப்பு உள்ள மாடு என்று வரிசை நீளும். பூஞ்சை பிடித்த மக்காச்சோளத்தில் ஈஸ்ட்ரோஜன் போலவே வேலை செய்யும் நஞ்சு இருக்கலாம் என்பதால் அதையும் கவனிக்க வேண்டும். மழையில் நனைந்த மூட்டையை மாட்டுக்குத்தானே என்று தள்ளிவிடுவது நம் வழக்கம்.

கட்டியில் இரண்டு வகை. சுவர் மெல்லிசாக, 3 மில்லிமீட்டருக்குள் இருந்தால் அது ஈஸ்ட்ரோஜன் கட்டி. சுவர் தடித்து, உள்ளே மஞ்சள் திரள் போலவே புரோஜெஸ்டிரான் சுரந்தால் அது இன்னொரு ஜாதி. முதல் வகையில் மாடு ஓயாமல் கத்தலாம், கத்தாமலே கிடக்கவும் கிடக்கலாம். இரண்டாவது வகையில் பெரும்பாலும் பருவமே வராது. கை வைத்துப் பார்த்து கட்டி இருக்கிறது என்று அனுபவமுள்ள டாக்டர் சொல்லிவிடுவார். எந்த வகை என்று கையால் மட்டும் பிரிப்பது அவர்களுக்கே கடினம். ஸ்கேன் காசு வீண் என்று நினைக்கிறவர்கள் இந்த ஒரு இடத்தில் யோசிக்க வேண்டும், ஏனென்றால் கீழே வரும் வழிகளில் பாதி, வகை தெரியாமல் செய்தால் காசுக்கும் கேடு, நாளுக்கும் கேடு.

சும்மா விட்டால்?

சில மாட்டுக்கு இதுதான் சரியான வழி. ஈன்று 50 நாளுக்குள் தென்படும் கட்டிகளில் பாதிக்கு மேல் தாமாகவே போய்விடும். அந்த நேரத்தில் எப்படியும் சினை ஊசி போடப்போவதில்லை, கர்ப்பப்பை சுருங்கவே ஆறு வாரம் ஆகும். தாது உப்பு, நல்ல தீனி, இரண்டு வாரம் கழித்து மறுபடி ஒரு பார்வை. அவ்வளவு போதும்.

60 நாளைத் தாண்டிவிட்டால் கதை வேறு. தானாகச் சரியாகும் வாய்ப்பு குறைந்துகொண்டே போகும், மாதங்கள் ஓடும். இங்கே ஒரு கணக்கு. தவறும் ஒவ்வொரு பருவமும் 21 நாள். மாடு இப்போது கறந்துகொண்டிருப்பதால் அந்த நட்டம் கண்ணுக்குத் தெரியாது. கறவை வற்றிய பிறகு, சும்மா நின்று தின்னும் நாட்களோடு அந்த 21 நாளும் போய்ச் சேர்ந்துகொள்ளும். தீனிக்கு ஒரு நாளைக்கு 150 ரூபாய் என்று வைத்துக்கொண்டாலே 3,150 ரூபாய். எங்கள் மாட்டுக்கு ஹார்மோன் ஊசிகளுக்கு ஆன மொத்தச் செலவு இதில் பாதியைத் தொடவில்லை. மே மாதமே ஸ்கேன் பார்த்திருந்தால் இரண்டு மாதம் மிச்சம் ஆகியிருக்கும், அந்த மூன்று சினை ஊசியும் மிச்சம்.

கையால் உடைப்பது

பழைய வழி. ஆசனவாய் வழியாகக் கையை விட்டு, சினைப்பையைப் பிடித்து, கட்டியை நசுக்குவது. எங்கள் தாத்தா காலத்தில் இதில் பேர்போன கைகள் இருந்தன. உடைந்ததும் தண்ணீர் போன மாதிரி ஒரு உணர்வு வரும், மாடு கத்துவது நிற்கும், எல்லோருக்கும் திருப்தி. ஆனால் மூளையிலிருந்து வெள்ளம் வராத காரணம் அப்படியே இருக்கிறது என்பதால் கட்டி மறுபடி வரும். அதைவிட மோசம், உள்ளே ரத்தக்கசிவு ஏற்பட்டு சினைப்பை பக்கத்துச் சவ்வோடு ஒட்டிக்கொண்டால் முட்டை குழாய்க்குள் போகும் வழியே அடைபட்டுப்போகும். அது நிரந்தர மலட்டிலும் முடியலாம். ஒரு ரூபாய் செலவில்லை என்பதற்காக இதைச் செய்யாதீர்கள். இதில் இரண்டாவது கருத்தே எனக்கு இல்லை.

புரோஸ்டாகிளாண்டின் மட்டும்

கூட்டாளி சொன்ன "சினைக்கு வர்ற ஊசி" இதுதான். குளோப்ரோஸ்டினால் என்றால் 500 மைக்ரோகிராம், 2 மில்லி. டைனோப்ரோஸ்ட் என்றால் 25 மில்லிகிராம். மஞ்சள் திரளைக் கரைப்பது இதன் முக்கிய வேலை.

சித்தப்பா வீட்டு ஜெர்சி கலப்புக்கு இது அற்புதமாக வேலை செய்தது. அந்த மாடு ஈன்று மூன்று மாதமாகியும் கத்தவே இல்லை. ஸ்கேனில் கட்டிச் சுவர் ஐந்து மில்லிமீட்டர் தடிப்பு. ஒரே ஊசி, மூன்றாம் நாள் காலையில் வழும்பு, அன்று சாயங்காலம் சினை ஊசி. அதைப் பார்த்துவிட்டுத்தான் ஊரில் பாதிப்பேர் இந்த ஊசியைச் சர்வரோக நிவாரணி என்று நினைக்கிறார்கள். எங்கள் மாட்டுக்கு இதையே போட்டிருந்தால் ஒன்றுமே நடந்திருக்காது. மெல்லிய சுவர்க் கட்டியில் கரைக்க என்ன இருக்கிறது?

ஒன்றும் நடக்காமல் போனால்கூடப் பரவாயில்லை. சினை மாட்டுக்குத் தெரியாமல் போட்டுவிட்டால் கரு கலைந்துவிடும். சினையாக இருக்கும் மாடுகளிலும் ஒன்றிரண்டு பருவம்போலக் கத்துவது உண்டு. எங்கள் மாட்டுக்கு மே மாதமே ஒரு சினை ஊசி போட்டிருந்ததால், டாக்டரம்மா சினைப்பையைப் பார்ப்பதற்கு முன் கர்ப்பப்பையில் கரு ஏதும் இருக்கிறதா என்றுதான் முதலில் பார்த்தார். மருந்துக்கடையில் வாங்கிவந்து வீட்டில் குத்துகிறவர் அதை எப்படிப் பார்ப்பார்?

இன்னொன்று. இந்த மருந்து தோலில் பட்டாலே உள்ளே போகும். வாயும் வயிறுமாக இருக்கிற பெண்கள் அந்தச் சிரிஞ்சைத் தொடவே கூடாது. ஆஸ்துமா உள்ளவர்களும்தான். "மாட்டைப் புடிம்மா, ஊசியைக் கொஞ்சம் வச்சிரு" என்று மருமகள் கையில் கொடுப்பது நம் வீடுகளில் சாதாரணம். கையில் பட்டுவிட்டால் உடனே சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும்.

ஜி.என்.ஆர்.ஹெச்., அப்புறம் ஏழாம் நாள்

மூளை விட மறந்ததை நாம் வெளியிலிருந்து கொடுப்பது இந்த வழி. நம் பக்கம் ரிசெப்டால் என்ற பெயரில் வரும் புசெரலின் பழக்கமானது. கட்டிக்கு 5 மில்லி, அதாவது 20 மைக்ரோகிராம். போட்டால் இரண்டு மணி நேரத்துக்குள் பிட்யூட்டரியிலிருந்து எல்.ஹெச். வெள்ளம் வந்துவிடும்.

இங்கே பலரும் தவறாகப் புரிந்துகொள்வது ஒன்று உண்டு. ஊசி போட்டால் கட்டி உடைந்துவிடும் என்று எதிர்பார்க்கிறார்கள். பெரும்பாலும் உடையாது. கட்டியின் சுவர் தடித்து, புரோஜெஸ்டிரான் சுரக்கிற திரளாக மாறும். அல்லது பக்கத்தில் வளர்ந்துகொண்டிருந்த வேறொரு கொப்புளம் வெடித்து மஞ்சள் திரள் ஆகும். பழைய கட்டி அங்கேயே சும்மா கிடக்கலாம். பத்து நாள் கழித்து ஸ்கேனில் அதைப் பார்த்துவிட்டு "ஊசி கேக்கல" என்று இன்னொருவரிடம் போய் இன்னொரு ஊசி போட்டுக்கொண்டால் எல்லாக் கணக்கும் குழம்பிவிடும்.

ஜி.என்.ஆர்.ஹெச். மட்டும் போட்டு விட்டுவிட்டால் அந்தத் திரள் தானாகக் கரைந்து பருவம் வர 18 முதல் 23 நாள் ஆகும். அவசரமில்லாதவர்களுக்கு, மருந்தைக் குறைத்துக்கொள்ள நினைப்பவர்களுக்கு அது போதும். ஏழாம் நாள் புரோஸ்டாகிளாண்டினையும் போட்டுவிட்டால் ஒன்பது, பத்து நாளில் பருவம் வந்துவிடும்.

நாள் மிச்சமாவதைவிட இந்த ஜோடியில் எனக்குப் பிடித்தது வேறு. வகையைத் தப்பாகக் கணித்திருந்தாலும் இது காப்பாற்றும். மெல்லிய சுவர்க் கட்டியாக இருந்தால் முதல் ஊசி அதைத் திரளாக்கும், ஏழாம் நாள் ஊசி திரளைக் கரைக்கும். உண்மையில் அது தடித்த சுவர்க் கட்டியாக இருந்தால் முதல் ஊசி சும்மா போகும், ஏழாம் நாள் ஊசி எப்படியும் கரைத்துவிடும். தவறினால் போவது ஒரு வாரம். புரோஸ்டாகிளாண்டின் மட்டும் போட்டுத் தவறினால் போவது மாதக்கணக்கு. ஸ்கேன் வசதி எட்டாத ஊரில், கையால் பார்த்து கட்டி என்று மட்டும் சொல்லக்கூடிய இடத்தில், ஈன்று 60 நாள் தாண்டிய மாட்டுக்கு நான் கண்ணை மூடிக்கொண்டு இதைத்தான் கேட்பேன். சினை இல்லை என்று பார்த்த பிறகுதான், அதை மட்டும் மறக்காமல்.

இதையே இன்னும் ஒரு படி இழுத்தால் ஓவ்சிங்க் என்ற முறை வரும். அமெரிக்காவின் விஸ்கான்சினில் உருவாகி 1995-ல் வெளிவந்தது. முதல் நாள் ஜி.என்.ஆர்.ஹெச்., ஏழாம் நாள் புரோஸ்டாகிளாண்டின், அதிலிருந்து 56 மணி நேரம் கழித்து மறுபடி ஜி.என்.ஆர்.ஹெச்., அதற்கு 16 முதல் 20 மணி நேரத்தில் சினை ஊசி. மாடு கத்தியதா, வழும்பு அடித்ததா என்று யாரும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. வீட்டில் இருக்கிறவர்கள் நூறு நாள் வேலைக்கும், ஆண்கள் மதுரைக்கும் போய்விடும் வீடுகளுக்கு இது பெரிய வசதி. மாட்டின் பருவம் பன்னிரண்டு முதல் பதினெட்டு மணி நேரம்தான், அதிலும் பாதி ராத்திரியில் போய்விடும். கட்டி வந்த மாட்டில் இந்த முறையால் சினை பிடிப்பது நல்ல மாட்டைவிடக் குறைவுதான். ஆனாலும் ஒன்றுமில்லாததற்கு எவ்வளவோ மேல்.

எல்.ஹெச். போலவே வேலை செய்யும் ஹெச்.சி.ஜி. என்ற ஊசியும் இருக்கிறது. கட்டிக்கு 3,000 யூனிட். பலன் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் அது பெரிய புரதம் என்பதால் திரும்பத் திரும்பப் போட்டால் மாட்டின் உடம்பு அதற்கு எதிர்ப்பை உண்டாக்கிக்கொள்ளலாம். ஜி.என்.ஆர்.ஹெச். பத்தே அமினோ அமிலம் கொண்ட சின்னச் சங்கிலி, அந்தத் தொந்தரவு குறைவு. முதலில் ரிசெப்டால், அது கேட்காவிட்டால் ஹெச்.சி.ஜி. என்று வைத்துக்கொள்வது எனக்கு நியாயமாகப் படுகிறது.

உள்ளே வைக்கும் புரோஜெஸ்டிரான்

பிறப்புறுப்புக்குள் வைக்கும் ஒரு சாதனம். டி வடிவத்திலோ ஒய் வடிவத்திலோ இருக்கும், அதில் ஏற்றியிருக்கும் புரோஜெஸ்டிரான் மெல்ல ஊறும். ஏழு நாள், சில வகையில் ஒன்பது நாள் வைத்திருந்து எடுக்க வேண்டும். எடுக்கும்போது, அல்லது அதற்கு முந்தின நாள், ஒரு புரோஸ்டாகிளாண்டின். இரண்டு மூன்று நாளில் பருவம்.

ஹார்மோன் குறைவு என்று எல்.ஹெச். வெள்ளத்தைக் கொடுப்பது புரிகிறது, இது எதற்கு என்று கேட்டேன். கட்டி வந்த மாட்டின் மூளை ஈஸ்ட்ரோஜன் தட்டுவதையே காதில் வாங்காமல் போயிருக்கும். சில நாள் புரோஜெஸ்டிரான் பட்டால்தான் அந்தக் காது மறுபடி திறக்கும். அதனால் நோயின் வேருக்குப் பக்கத்தில் போவது இதுதான் என்று டாக்டரம்மா சொன்னார். ஊசி ஜோடி போட்டும் பருவம் சீராகாத மாட்டுக்கு, அல்லது போன ஈத்திலும் கட்டி வந்த மாட்டுக்கு, நேராக இதற்குப் போவது நல்லது. சாதனத்தோடு ஊசியும் சேர்வதால் செலவு கூடும். எடுக்கும்போது கொஞ்சம் வெள்ளையாக ஒழுகுவதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். வெளியே தொங்கும் நூலை மட்டும் டாக்டரிடம் சொல்லிக் குட்டையாக வெட்டிவிடுங்கள், பக்கத்து மாடு சப்பி இழுத்துவிடும்.

முள்ளங்கியும் தாது உப்பும்

முள்ளங்கி வைத்தியத்தை நான் கிண்டல் செய்யவில்லை. தேசிய பால்வள வாரியமே பரப்புகிற மரபு மருத்துவ முறை அது. தினம் ஒரு வெள்ளை முள்ளங்கி ஐந்து நாள், அப்புறம் சோற்றுக்கற்றாழை மடல் நான்கு நாள், முருங்கைக்கீரை நான்கு நாள், பிரண்டை நான்கு நாள், மஞ்சளோடு கறிவேப்பிலை நான்கு நாள். பருவம் சீராக வந்தும் சினை தங்காத மாட்டுக்கு இதைக் கொடுத்துப் பார்ப்பதில் தப்பில்லை. ஆனால் பருவம் வந்த முதல் நாளோ இரண்டாம் நாளோ தொடங்க வேண்டும் என்பது விதி. ஐந்து நாளுக்கு ஒருமுறை கத்துகிற மாட்டுக்கு எது முதல் நாள்? முருங்கைக்கீரைக்கு வருவதற்குள் எங்கள் மாடு இரண்டு முறை கத்தி முடித்திருக்கும்.

தாது உப்பை இந்த வைத்தியக் கணக்கில் சேர்க்கக் கூடாது, அது மருந்து இல்லை, தீனி. எந்த வழியில் போனாலும் தினம் 50 கிராம் வேண்டும். திருப்பரங்குன்றத்தில் கால்நடைப் பல்கலைக்கழகத்தின் பயிற்சி, ஆராய்ச்சி மையம் இருக்கிறது. மாட்டுக்கு எவ்வளவு தவிடு, எவ்வளவு பருத்திக்கொட்டை, எவ்வளவு பசுந்தீவனம் என்று அங்கே கேட்டு எழுதிக்கொண்டு வந்தால், அடுத்த ஈத்தில் இந்தக் கட்டுரையே தேவைப்படாமல் போகலாம். டாக்டர் கிடைக்காத ஊர்க்காரர்கள் 1962 என்ற கால்நடை உதவி எண்ணுக்கு அழைத்துப் பார்க்கலாம்.

விற்பது

சித்தப்பாவின் யோசனையை நான் முழுதாகத் தள்ளவில்லை. ஒவ்வொரு ஈத்திலும் கட்டி வருகிறது, கர்ப்பப்பையிலும் பழைய சீழ், ஐந்தாறு ஈத்து ஆகிவிட்டது, கறவையும் சுமார் என்றால் அந்த மாட்டின் மேல் ஊசிக்காசைக் கொட்டுவது அர்த்தமில்லை. இந்த இழுப்பு கொஞ்சம் பரம்பரையாகவும் இறங்குகிறது. ஸ்வீடனில் மகள்களுக்குக் கட்டி வந்த காளைகளைச் சினை ஊசிக்கு எடுக்காமல் கழித்தே இந்த நோயைப் பாதியாகக் குறைத்தார்கள். ஆனால் இரண்டாம் ஈத்து, வேளைக்கு ஆறு ஏழு லிட்டர் கறக்கிற மாட்டை முதல் கட்டிக்கே சந்தைக்கு ஓட்டுவது அவசரம். சினை பிடிக்காத மாடு என்று வாங்குகிறவர் பார்த்த உடனே பிடித்துவிடுவார், கறி விலைக்குத்தான் கேட்பார்.

எங்கள் மாட்டுக்கு

ஈன்று 115 நாள் ஆகியிருந்தது. மெல்லிய சுவர், முதல் தடவை, இளம் மாடு. காத்திருக்கும் காலம் போய்விட்டது, விற்கும் காலம் வரவில்லை. ஜூலை 5 ரிசெப்டால், 12 காலை புரோஸ்டாகிளாண்டின். 14 சாயங்காலம் கண்ணாடிபோல வழும்பு இறங்கியது, 15 காலை சினை ஊசி. இந்தத் தடவையும் மடை திறக்காமல் போய்விடக் கூடாது என்று டாக்டரம்மா அதோடு ரிசெப்டால் இரண்டரை மில்லியும் போட்டார். பெண் கன்று ஊசி போடலாமா என்று கேட்டேன். கட்டி போன மாட்டின் முதல் பருவத்தில் அந்த விலைகூடிய குச்சியை வீணாக்காதீர்கள் என்றார். சரிதான்.

சினை பிடிக்கவில்லை. ஆகஸ்ட் 5 காலையில் மாடு கத்தியது. எனக்கு முகம் செத்துப்போனது. அம்மா காலண்டரைப் புரட்டி விரலால் எண்ணிவிட்டு, "இருபத்தி ஒண்ணுடா" என்றார். சினை தங்காவிட்டாலும் சரியாக 21-ம் நாள் திரும்பியிருக்கிறது என்றால் கட்டி போய்விட்டது, சக்கரம் ஓட ஆரம்பித்துவிட்டது. நடுவில் ஒருநாள்கூடக் கத்தவில்லை. அன்று சாயங்காலமே மறுபடி சினை ஊசி. ஆகஸ்ட் 26-ஐ எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு கடந்தோம். செப்டம்பர் 9 அன்று ஸ்கேன் திரையில் மறுபடி ஒரு கறுப்பு வட்டம், இந்தமுறை கர்ப்பப்பைக்குள், நடுவில் ஒரு வெள்ளைப் புள்ளி படபடத்தது.

280 நாள் கணக்குப் போட்டால் மே 12. அம்மா இப்போது என்னை அடுத்த வருடக் காலண்டர் கேட்டுக்கொண்டிருக்கிறார், செப்டம்பரில் எந்தக் கடையில் கொடுப்பார்கள்?